போட்ட ஒட்டு ஏன் பெயர்ந்து போகிறது?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கொஞ்சம் வறண்ட விஷயமாகத் தோன்றலாம். கான்கிரீட் பாதையில் ஏற்படும் உடைசலுக்கு ஒட்டுப்போடுவது எப்படி என்பதுதான் அது. ‘இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? கொஞ்சம் சிமெண்டைக் குழைத்துப் பூசினால் முடிந்தது’ என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் அம்மாவுக்கு வயது 68. காலையில் ஈரச்சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வராவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது. எங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதையில் ஒரு மூலை உடைந்திருந்தது. ஆட்கள் வந்து சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள். சில மாதங்களில் அது பெயர்ந்தது. மறுபடியும் பூசினார்கள். மறுபடியும் பெயர்ந்தது. ஓராண்டுக்குள் மூன்று முறை. மூன்றாவது ஒட்டும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கிடந்த ஒரு மழைநாள் காலையில், அம்மாவின் செருப்பு அதில் தடுக்கியது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்.

மருத்துவமனையிலிருந்து டாக்சியில் திரும்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். “அதுவும் சிமெண்டு, இதுவும் சிமெண்டு. அப்புறம் ஏம்ப்பா ஒட்டிக்க மாட்டேங்குது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பொறியியல் படித்தவன் அல்லன். அதனால் அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் கேட்டேன். சாலைப் பராமரிப்பு வழிகாட்டிகளைத் தேடிப் படித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் காலடியில் கான்கிரீட்

சாலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கறுப்புத் தார்ச்சாலை. ஆனால் சிங்கப்பூரில் பேருந்து நிறுத்தங்களில் பேருந்து ஒதுங்கி நிற்கும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் அது சாம்பல் நிறக் கான்கிரீட்டாக இருக்கும். விமான நிலையத்தில் விமானங்கள் நிற்கும் தளமும் கான்கிரீட்தான். நாம் நடக்கும் பாதைகளும் பெரும்பாலும் கான்கிரீட்தான்.

காரணம் எளிது. தார் வெயிலில் இளகும். பயணிகள் நிறைந்த ஈரடுக்குப் பேருந்து 20 டன்னைத் தாண்டும். அது ஒரே இடத்தில் பிரேக் போட்டு நின்று, திரும்பக் கிளம்பும்போது இளகிய தார் பள்ளமாக அமுங்கும். இயந்திரத்திலிருந்து சொட்டும் எண்ணெயும் டீசலும் தாரைக் கரைக்கும். கான்கிரீட்டுக்கு இந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள பெல்ஃபோன்டைன் என்ற சிற்றூரில் 1890களில் போடப்பட்ட கான்கிரீட் தெருவின் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது என்றால் அதன் ஆயுளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கான்கிரீட்டுக்கு வேறொரு குணம் உண்டு. தார் வளைந்து கொடுக்கும். கான்கிரீட் வளையாது, உடையும். உடைந்தால், அதைச் சரிசெய்வது தார்ச்சாலைக் குழியை நிரப்புவதுபோல் சுலபமான காரியமன்று.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

உடைந்த இடத்தைப் பார்த்தவுடன் ‘எதை வைத்து அடைப்பது?’ என்றுதான் நமக்குக் கேட்கத் தோன்றும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, ‘ஏன் உடைந்தது?’ என்பது.

கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு பாளத்தின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பாளம் உடையும். அதனால்தான் பாதையைப் பாளம் பாளமாகப் பிரித்து, நடுவில் கோடு போன்ற இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளியில் சிறு கல் ஒன்று போய் மாட்டிக்கொண்டால், பாளம் விரியும்போது கல் அதன் விளிம்பை நெம்பி உடைத்துவிடும். விளிம்புகள் சில்லுச் சில்லாய்ப் பெயர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது காரணம் தண்ணீர். நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இடைவெளி வழியாகவும் விரிசல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கும். மேலே பேருந்து ஏறும்போது பாளம் கொஞ்சம் அமுங்கி, கீழே உள்ள தண்ணீரை மண்ணோடு சேர்த்துப் பீய்ச்சி வெளியே தள்ளும். நாளடைவில் பாளத்துக்கு அடியில் பொந்து விழும். தாங்குவதற்கு மண் இல்லாத மூலை முறியும். நடைபாதையில் பேருந்து ஏறுவதில்லை என்றாலும், ஓரத்து மண்ணை மழை அரித்துக்கொண்டு போனால் அதே கதைதான்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி. அது மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்தால் ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெருக்கி மேல் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். நான்காவது, நம் ஊரின் அழகுக்குக் காரணமான மரங்கள். அவற்றின் வேர் நடைபாதையைக் கீழிருந்து தூக்கிவிடும்.

காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பூசினால் என்ன ஆகும்? பொந்து அப்படியே இருக்கும், வேர் வளர்ந்துகொண்டே இருக்கும், துரு பெருகிக்கொண்டே இருக்கும். ஒட்டு மட்டும் எப்படி நிற்கும்?

தட்டினால் தெரியும்

பொங்கலுக்கு முன் லிட்டில் இந்தியாவில் மண்பானை வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். பானையைக் கையில் ஏந்தி விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘கணீர்’ என்றால் நல்ல பானை. ‘சொத்’ என்றால் எங்கோ கீறல்.

கான்கிரீட்டுக்கும் அதே சோதனைதான். சாலைப் பணியில் பல ஆண்டு அனுபவமுள்ள மேற்பார்வையாளர் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், ஓர் இரும்புக் கம்பியை எடுத்து ஒரு பாளத்தை வரிசையாகத் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று வந்தது. உடைசலுக்குப் பக்கத்தில், பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத இடத்தில், ஓசை பொத்தலாகக் கேட்டது. “கண்ணுக்குத் தெரியுறது பாதிதான் தம்பி, மீதி உள்ளே இருக்கு” என்றார்.

பெரிய பரப்பாக இருந்தால் கனமான சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டே போய் ஓசையைக் கேட்பார்கள். எங்கே ஓசை மாறுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டிலிருந்து மேலும் 50 முதல் 75 மில்லிமீட்டர் வரை வெளியே தள்ளித்தான் வெட்ட வேண்டும் என்பது வழிகாட்டிகள் சொல்லும் விதி. கெட்டுப்போன கான்கிரீட்டில் ஒரு துளியைக்கூட விட்டுவைக்கக் கூடாது. ஏனென்றால் புதிய ஒட்டு எவ்வளவு உறுதியாக ஒட்டினாலும், அது ஒட்டிக்கொண்டிருப்பது ஏற்கெனவே விட்டுப்போன ஒரு துண்டோடு என்றால், இரண்டும் சேர்ந்தே பெயர்ந்து வரும்.

வெட்டத் தயங்கக் கூடாது

இங்கேதான் பெரும்பாலான ஒட்டுகள் தோற்கின்றன. உடைந்த குழியை அப்படியே வைத்துக்கொண்டு, கலவையைக் கொட்டி, ஓரத்தைத் தோசை வார்ப்பதுபோல் மெலிதாக இழுத்துவிடுவார்கள். பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் அந்த மெல்லிய ஓரத்துக்கு வலுவே கிடையாது. முதலில் அது சில்லாகப் பெயரும். அதன் வழியே தண்ணீர் இறங்கும். பிறகு மொத்தமும் கையோடு வந்துவிடும்.

சரியான முறை இது. உடைசலைச் சுற்றி வைர வாள் கொண்ட இயந்திரத்தால் சதுரமாகவோ செவ்வகமாகவோ அறுக்க வேண்டும். ஓரம் செங்குத்தாக, சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். உள்ளே இருப்பதைச் சிறிய உடைப்பு இயந்திரத்தால் கொத்தி எடுக்க வேண்டும். இதில் ‘சிறிய’ என்ற சொல் முக்கியம். கனமான இயந்திரத்தைப் போட்டு இடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அடியில் உள்ள நல்ல கான்கிரீட்டிலும் மயிரிழை விரிசல் விழும். எவ்வளவு கவனமாகக் கொத்தினாலும், கடைசியில் அடித்தளத்தை மறுபடியும் தட்டிப் பார்ப்பது நல்லது.

சாலைப் பாளத்தின் கனத்தில் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள், மிஞ்சினால் பாதிக்குள், சேதம் அடங்கியிருந்தால்தான் இந்த மேலோட்டமான ஒட்டு பொருந்தும். அதற்கும் கீழே போயிருந்தால், அல்லது உள்ளிருக்கும் கம்பிகளை எட்டியிருந்தால், பாளத்தை முழு ஆழத்துக்கும் வெட்டியெடுத்துத்தான் ஆக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தூசுதான் முதல் எதிரி

கைவிரலில் மாவு ஒட்டியிருக்கும்போது பிளாஸ்டர் ஒட்டிப் பாருங்கள், ஒட்டாது. கொத்தி எடுத்த குழிக்குள் நுண்ணிய கான்கிரீட் தூசு படிந்திருக்கும். அதன்மேல் கலவையைப் போட்டால் கலவை தூசோடு ஒட்டுமே தவிரப் பழைய கான்கிரீட்டோடு ஒட்டாது. அதனால் மணல் பீய்ச்சியோ, அழுத்தமான நீர் பாய்ச்சியோ சுத்தம் செய்து, காற்றால் ஊத வேண்டும். காற்று அழுத்தியிலிருந்து எண்ணெய் கசிந்து காற்றோடு கலந்து வந்தால் செய்த வேலையெல்லாம் வீண். கறுப்புத் துணியால் உள்ளே துடைத்துப் பார்த்து, துணி வெளுத்தால் இன்னும் தூசு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது ஈரம். பழைய கான்கிரீட் காய்ந்து கிடந்தால் பஞ்சுபோலப் புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆகவே சாதாரண சிமெண்டுக் கலவைக்கு முன், குழியை நன்றாக நனைத்து, தேங்கி நிற்கும் தண்ணீரை மட்டும் ஒற்றி எடுத்துவிட வேண்டும். உள்ளே ஈரம், மேலே பளபளப்பு இல்லை என்ற நிலை.

பிறகு, சிமெண்டும் மெல்லிய மணலும் சம அளவில் கலந்த சிமெண்டுப் பாலைத் தூரிகையால் உள்ளே எல்லா மூலைகளிலும் தேய்ப்பார்கள். இது பசைபோல வேலை செய்யும். ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. பாலைத் தேய்த்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்த் திரும்பினால் நம் வெயிலில் அது காய்ந்திருக்கும். காய்ந்த சிமெண்டுப் பால் ஒட்டுவதற்கு உதவாது, ஒட்டாமல் பிரிப்பதற்குத்தான் உதவும். ஈரம் இருக்கும்போதே கலவை மேலே விழ வேண்டும். இப்போது விற்கும் சில பொட்டலக் கலவைகளுக்கு இந்தப் பால் தேவையில்லை. பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்வதே நல்லது.

இன்னொன்று. உடைசல் இரண்டு பாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஒட்டியிருந்தால், கலவை அந்த இடைவெளிக்குள் வழிந்து அடைத்துக்கொள்ள விடக் கூடாது. அழுத்தினால் அமுங்கும் நுரைப்பலகை ஒன்றை நிறுத்தி வைத்து, அதற்கு இந்தப் பக்கம்தான் கலவையை நிரப்ப வேண்டும். அடைத்துவிட்டால், அடுத்த நாள் மதிய வெயிலில் பாளங்கள் விரியும்போது முதலில் நசுங்குவது புதிய ஒட்டுதான்.

எந்தக் கலவை நல்லது?

கடைக்காரரிடம் கேட்டால் ‘இருப்பதிலேயே வலுவானது இது’ என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒட்டுக்குத் தேவை பழைய கான்கிரீட்டைப் போன்ற குணம். இரண்டும் ஒன்றுபோல விரிந்து ஒன்றுபோலச் சுருங்க வேண்டும். பழைய சட்டைக்குக் கெட்டியான ஜீன்ஸ் துணியில் ஒட்டுப்போட்டால் தையலை ஒட்டிச் சட்டைதான் கிழியும், இல்லையா?

சாதாரண சிமெண்டு, மணல், சிறு சல்லி சேர்ந்த கான்கிரீட் விலை மலிவு, பழையதோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் இறுக நாள் பிடிக்கும். பாதையைச் சில நாள் மூடிவைக்க முடிந்தால் இதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. சீக்கிரம் இறுகுவதற்குக் கால்சியம் குளோரைடு சேர்ப்பதுண்டு. உள்ளே இரும்புக் கம்பி இருக்கும் இடத்தில் அதைச் சேர்த்தால் கம்பியைத் துரு தின்றுவிடும்.

பேருந்து நிற்கும் இடத்தைப் பல நாள் மூட முடியாது. கடைசிப் பேருந்து போன பிறகு தொடங்கி, விடியற்காலை முதல் பேருந்து வருவதற்குள் முடிக்க வேண்டும். இதற்கென்று வேகமாக இறுகும் சிமெண்டுகள் இருக்கின்றன. கால்சியம் சல்ஃபோஅலுமினேட் வகைச் சிமெண்டு சில மணி நேரத்திலேயே வாகனத்தைத் தாங்கும் வலுவை எட்டும். மெக்னீசியம் பாஸ்பேட் வகை அதைவிட வேகம், நிமிடக் கணக்கில் இறுகும். ஆனால் அதற்குக் குழி நனைந்திருக்கக் கூடாது, தண்ணீர் அளவு இம்மி பிசகக் கூடாது, சுண்ணாம்புக்கல் சல்லியோடு சேரவும் கூடாது. சேர்ந்தால் வேதிமாற்றத்தில் வாயு கிளம்பி வலுவைக் கெடுக்கும்.

உயர் அலுமினா சிமெண்டு என்று ஒன்று உண்டு. ஒரே நாளில் மிகுந்த வலு வரும். ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நாளடைவில் அதன் உள்ளமைப்பு மாறி, வலு குறைந்துவிடும். லண்டனில் 1974-ஆம் ஆண்டு ஒரு பள்ளியின் நீச்சல் குளக் கூரை இடிந்து விழுந்ததற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியக் காரணம் என்று கண்டறியப்பட்டது. நம் ஊரின் வெப்பத்தையும் ஈரத்தையும் சொல்லவே வேண்டாம். இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் முதல் நாள் வலுவை நம்பாமல், மாற்றத்துக்குப் பிறகு எஞ்சும் வலுவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

லேடெக்ஸ் எனப்படும் பால்போன்ற பாலிமரைச் சேர்த்த கலவைகள் நன்றாக ஒட்டும், தண்ணீரையும் எளிதில் உள்ளே விடாது. மெலிதான ஒட்டுகளுக்கு இவை பொருத்தம். எபோக்சி பிசின் இன்னும் உறுதியாக ஒட்டும். ஆனால் வெப்பத்தில் அது கான்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும். அதனால் மணலை நிறையக் கலந்து, ஆழமான குழியாக இருந்தால் அடுக்கடுக்காகப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு நிற்கும், பக்கத்துக் கான்கிரீட் பிளந்துகொள்ளும். கறுப்பாகக் கொட்டி அமுக்கும் குளிர்த்தார்க் கலவை அவசரத்துக்கு மட்டும்தான். யாரும் தடுக்கி விழாமல் அது காக்கும், ஆனால் அதையே பழுதுபார்ப்பு என்று விட்டுவிடக் கூடாது.

எந்தக் கலவையானாலும் ஒரு விதி பொது. கெட்டியாக இருக்கிறதே என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால் குழைப்பதற்குச் சுலபமாக இருக்கும். வலு அந்த அளவுக்குக் குறையும், சுருக்கமும் விரிசலும் கூடும்.

ஊற்றிய பிறகுதான் பொறுமை

கலவையைக் குழியின் மட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நிரப்பி, சிறிய அதிர்வுக் கருவியால் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு மட்டப்பலகையால் சமப்படுத்தி, கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்க்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்தால், ஒட்ட வேண்டிய இடத்திலிருந்தே கலவையை விலக்கிவிடுவோம். சின்ன விஷயம்தான், ஆனால் பலரும் தவறுவது இதில்தான்.

அடுத்தது நீராற்றுதல். சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிமாற்றம் அடைந்து இறுகுகிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் மாற்றம் பாதியில் நிற்கும். ஒட்டு சிறியது, அதன் கனத்தோடு ஒப்பிட்டால் வெயில் படும் பரப்பு பெரியது. எனவே பெரிய பாளத்தைவிட அது வேகமாக ஈரத்தை இழக்கும். சாதாரண சிமெண்டு ஒட்டின்மேல் நனைந்த கோணிச்சாக்கைப் போட்டு, மேலே பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். இல்லையேல் ஈரம் காக்கும் வெள்ளைப் பூச்சைத் தெளிக்க வேண்டும். நண்பகலில் ஊற்றுவதைவிட மாலையில் ஊற்றுவது நல்லது. நன்றாக இறுகிய பிறகு, இடைவெளியில் நுரைக்கயிறு வைத்து, இளகிய அடைப்பானால் அடைத்தால் கல்லும் தண்ணீரும் மறுபடி உள்ளே போகா.

முழுதும் வெட்ட வேண்டிய இடம்

சேதம் ஆழமாகப் போயிருந்தால் பாளத்தை முழுக் கனத்துக்கும் அறுத்து, கொக்கி மாட்டித் தூக்கி எடுப்பது நல்ல முறை. அங்கேயே இடித்து நொறுக்கினால் அடியில் உள்ள மண்தளமும் கலைந்துபோகும். தூக்கிய பிறகு அடித்தளத்தைப் பார்த்து, பொந்து இருந்தால் நிரப்பி இறுக்க வேண்டும். சாலைப் பாளமாக இருந்தால், பக்கத்துப் பாளங்களின் கனத்தில் சரிபாதி உயரத்தில் துளையிட்டு, வழவழப்பான இணைப்புக் கம்பிகளை எபோக்சி வைத்துச் செருக வேண்டும். இந்தக் கம்பிகள்தான் பேருந்துச் சக்கரத்தின் சுமையை ஒரு பாளத்திலிருந்து அடுத்த பாளத்துக்குக் கைமாற்றுகின்றன. அவை கோணலாக இருந்தால் பாளம் நகர முடியாமல் திரும்பவும் உடையும்.

சுமையின் கணக்கும் சாதாரணமன்று. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த பொதுவிதி இது. அச்சின் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். பேருந்து நிறுத்தத்தில் போட்ட மோசமான ஒட்டு ஏன் சில வாரங்களிலேயே போய்விடுகிறது என்பது இப்போது புரியும்.

இரவில் வேலை செய்யும் கைகள்

இந்த வேலைகளில் இறங்கியிருப்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நாம் தூங்கும் நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் குனிந்து நின்று அறுக்கிறார்கள், கொத்துகிறார்கள். ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது, தோலைப் புண்ணாக்கிவிடும். கான்கிரீட்டை உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் தூசில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. தண்ணீர் தெளித்து அறுப்பதும், முகக்கவசமும், கையுறையும் ஆடம்பரம் அல்ல. இந்தத் துறையில் உள்ள ஊழியர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை மட்டுமாவது மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் நாம் யோசிக்க வேண்டும். சதுரமாக அறுத்து, சுத்தம் செய்து, நனைத்து, மூடி, காத்திருந்து செய்யும் வேலைக்கு நேரமும் கூலியும் அதிகம். ‘எத்தனை ஒட்டு போட்டீர்கள்?’ என்று எண்ணிக் காசு கொடுத்தால் எண்ணிக்கைதான் கூடும். ‘எத்தனை ஒட்டு நின்றது?’ என்று கேட்டால்தான் வேலை நிற்கும். மூன்று முறை பூசிய செலவையும் ஒரு மணிக்கட்டு முறிவையும் கூட்டிப் பார்த்தால், ஒரு முறை ஒழுங்காகச் செய்வது விலை குறைவு.

நாம் செய்யக்கூடியது

நடைபாதையில் உடைசலைக் கண்டால், 2015-ஆம் ஆண்டு அறிமுகமான ‘ஒன்சர்விஸ்’ செயலி வழியாகப் படத்தோடு தெரிவிக்கலாம். தெரிவிக்கும்போது ‘உடைந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். மிதித்தால் பாளம் ஆடுகிறதா, மழைக்குப் பிறகு பக்கத்தில் மண் அரித்திருக்கிறதா, வேர் தூக்கியிருக்கிறதா, முன்பே ஒட்டுப்போட்டு மீண்டும் பெயர்ந்த இடமா என்பதையும் எழுதுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரி உதவும்.

போட்ட ஒட்டு ஒழுங்கானதுதானா என்று அறிய பொறியியல் படிப்பு வேண்டாம். ஓரம் நேராக வெட்டப்பட்டிருக்கிறதா, மெலிதாக இழுத்துவிடப்பட்டிருக்கிறதா? பாளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி திறந்திருக்கிறதா, அடைக்கப்பட்டிருக்கிறதா? முதல் நாளில் சாக்கோ விரிப்போ போட்டு மூடியிருந்தார்களா? குடையின் முனையால் தட்டினால் கணீரென்கிறதா? இந்த நான்கும் போதும். ஒட்டு ஈரமாக இருக்கும்போது தடுப்பைத் தாண்டி மிதிக்காமல் சுற்றிப் போவதும் நம் பங்குதான்.

எங்கள் புளோக்கில் நான்காவது முறை வந்தவர்கள் பூசவில்லை. இடைவெளியிலிருந்து இடைவெளி வரை அறுத்து, உடைந்த பகுதியை முழுதாகத் தூக்கினார்கள். அடியில் ஒரு சோற்றுப்பானை கொள்ளும் அளவுக்குப் பொந்து. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. மூன்று ஒட்டுகளும் வெற்றிடத்துக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த ஒரு துண்டின்மேல்தான் பூசப்பட்டிருந்தன. இந்த முறை பொந்தை நிரப்பி இறுக்கி, புதிய கான்கிரீட் ஊற்றி, சாக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் தடுப்பு வைத்திருந்தார்கள். ஓராண்டுக்கு மேலாகிறது. அசையவில்லை.

அம்மாவுக்குப் பதில் சொன்னேன். “சிமெண்டு ஒட்டுமாம்மா. அது ஒட்டுறதுக்கு அடியில ஒழுங்கா ஒண்ணு இருக்கணும்.” தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் சந்தைக்குப் போகும்போது இன்றும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்.